மச்சினன் கயிறு

சங்குமுனையில் சங்கு குளிக்கப் போகிறவன் தன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைக் கண்டவன் கையில் கொடுக்கமாட்டான். பெண்டாட்டியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பான். கூடப் பிறந்த அண்ணன் தம்பியை நம்பக்கூடாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு வரும். மச்சினனுக்கு என்ன வரும்? தாலியறுத்த அக்காள் வீட்டோடு வந்து உட்காருவாள். அந்தப் பயமே அவனைக் கண்கொட்டாமல் கயிறு பிடிக்க வைக்கும். இப்படி யோசித்து வைத்த எங்கள் ஊர்ப் பெரிய மனுஷர்களைக் குறைசொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. யோசனை சரிதான். என் விஷயத்தில் ஆள்தான் தப்பாகிப் போனான், அவ்வளவுதான்.

என் தம்பி கிளீட்டஸ் படகில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பான். என் கல்யாணத்தன்று பூசை முடிந்து கோவில் வாசலில் கயிறு கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொள்ள, மச்சினன் மறுமுனையைப் பிடித்தபடி வீடுவரை பின்னால் நடந்து வரவேண்டும். ஒருமுறை பிடித்தால் ஆயுசுக்கும் பிடித்ததாகக் கணக்கு. அவன் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்கிவிட்டால் உறவு முறிந்தது என்று அர்த்தம். கிளீட்டஸ் நல்ல பிள்ளையாக வீடுவரை பிடித்து வந்தான். மறுவாரமே வேதியியல் படிக்கச் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டான்.

என் வீட்டுக்காரர் தொபியாஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படிக்கிற பிள்ளையைக் கடலில் தள்ளி என்ன செய்ய என்று சிரித்துக்கொண்டே தன் கூட்டாளி பெஸ்கியைக் கயிறு பிடிக்க வைத்துக்கொண்டார். பெஸ்கியின் மனைவிக்கோ உடன்பிறந்தவனே கிடையாது. அதனால் அவர்கள் இரண்டுபேரும் ஒருவர் இறங்கும்போது மற்றவர் கயிறு பிடிப்பது என்று முறைபோட்டுக்கொண்டார்கள்.

எனக்குச் சங்கைச் சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் வேலை. பலகையில் துளை போட்டிருக்கும். வருகிற சங்கை ஒவ்வொன்றாக அதில் விட்டுப் பார்க்கவேண்டும். உள்ளே விழுந்தால் சின்னது, வளரட்டும் என்று கடலுக்கே திரும்பப் போகும். விழாமல் நின்றால் விலைக்கு. இதையே செய்து செய்து ஆட்களையும் ஒரு பார்வையில் அளந்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. கிளீட்டஸை மட்டும் நான் பலகையில் வைத்துப் பார்த்ததே இல்லை. தம்பியை யார் அளப்பார்கள்?

அந்த வருஷங்களில்தான் வெயில் சட்டம் வந்தது. தொலைந்துபோன வலைகளும் கயிறுகளும் கடலில் கிடந்து யாருக்கும் இல்லாமல் மீனைக் கொன்றுகொண்டிருந்தன. ஆமை, கடல்பசு என்கிற ஆவுளியா எல்லாம் அதில் மாட்டிச் செத்து ஒதுங்கின. கடைசியில் அரசாங்கம் ஒரே போடாகப் போட்டது. கடலுக்குப் போகிற பிளாஸ்டிக் எதுவானாலும் வெயிலில் தானாக உதிர்ந்து மண்ணாகவேண்டும், மற்றதெல்லாம் தடை. படகின் பதிவு எண்களை ஆகாயத்திலிருந்து படிக்கிற டிரோன்கள் கயிற்றையும் படிக்க ஆரம்பித்தன. பழைய நைலானோடு போனவர்களின் உரிமம் அன்று சாயங்காலமே ரத்தானது.

புதுக் கயிற்றுக்குக் கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையவில்லை. எங்கள் ஊரில் வெயிலான் என்றோம். பார்க்க வெள்ளையாக இருக்கும், நடுவில் ஒரு நீல நூல் ஓடும். படுகிற வெயிலுக்கு ஏற்ப அந்த நீலம் வெளுத்துக்கொண்டே வரும். நீலம் இருக்கும்வரை கயிற்றுக்கு உயிர் இருக்கிறது, முழுக்க வெளுத்தால் மாற்றிவிடு. பச்சைப்பிள்ளைக்கும் புரிகிற ஏற்பாடு. அதைச் செய்த கூட்டத்தில் என் தம்பியும் ஒருவன்.

முதல் கயிற்றுச் சுருளை அவனே தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கண்ணாடி, வெள்ளைச் சட்டை, டாக்டர் பட்டம் எல்லாம் சேர்ந்து ஆளே மாறியிருந்தான். முற்றத்தில் வைத்துத் தொபியாஸிடம் சொன்னான்:

"அத்தான், அன்னைக்குப் பிடிச்ச முனைய நான் விட்டுட்டேன்னுதான ஊர்ல பேசுதாவ? விடல. இப்ப ஊருக்கே நான்தான் மச்சினன்."

தொபியாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் அன்று நண்டு வாங்கப் போனவள் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லித் திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் இரண்டைச் சொல்லவேண்டும். குளித்து வந்ததும் கயிற்றைக் கழித் தண்ணீரில், ஊரை ஒட்டிக் கடலில் சேருகிற உப்பங்கழியில், அலசி மணலில் காயப் போடுவோம். கடலைவிடக் கழியில் உப்பு குறைவு. கயிறு மொரமொரப்பாகாது. அக்கரையில் நிலக்கரித் தாரைக் காய்ச்சி அதிலிருந்து சாயச் சரக்கு எடுக்கிற ஆலை ஒன்று வந்த நாளிலிருந்து கழித் தண்ணீர் அந்துருண்டை நாற்றம் அடிக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, தெளிவாகத்தான் இருக்கும். சங்குமுனைப் பெண்ணைக் கட்டினால் பீரோவுக்கு அந்துருண்டை வாங்கவேண்டாம் என்று சம்பந்தம் பேச வருகிறவர்களே கேலி செய்வார்கள்.

இரண்டாவது பழக்கம், கயிற்றுக்குக் கழிவு ஆயில் பூசுவது. பாதிப் படகு பேட்டரிக்கு மாறினாலும் பழைய டீசல் இஞ்சின்கள் சாகவில்லை. அதிலிருந்து வடிக்கிற கரி ஆயிலைத் துணியில் தோய்த்துக் கயிற்றை உருவிவிட்டால் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். இதில் பெரிய ஞானம் ஒன்றும் கிடையாது. கையில் வழுக்கிக்கொண்டு ஓடும், உள்ளங்கை கிழியாது, அதற்காகத்தான். நைலானுக்குப் பூசினார்கள், வெயிலானுக்கும் பூசினார்கள்.

கிளீட்டஸ் அடுத்த தடவை வந்தபோது கறுத்துக் கிடந்த கயிற்றைப் பார்த்து முகம் சுளித்தான். அவனுக்குக் கொண்டுவந்த காப்பி டம்ளர் என் கையில் இருந்தது நினைவிருக்கிறது. என்னடா என்றேன்.

"இந்த ஆயில்ல அரோமேட்டிக்னு ஒரு சாதிச் சரக்கு இருக்குக்கா. உன் அந்துருண்டை இருக்குல்லா, அதுல ரெண்டு வளையம் ஒட்டி இருக்கும். இதுல இருக்கது அதோட பெரியப்பன் மக்க. மூணு வளையம், நாலு வளையம். இதுங்க வெயில நல்லா இழுத்து வாங்கும். வாங்கினத வச்சுக்கிடாம பக்கத்துல இருக்க பிளாஸ்டிக் மேல இறக்கிரும். கயிறு சீக்கிரமே போயிரும்."

"நீலம் இருக்கே?"

"நீலம் இருந்தாலுந்தான். ஆயில் பூசாதீங்க. நீ சொன்னா அத்தான் கேப்பாவ."

கூடவே இன்னொன்றும் கேட்டான். மாதாமாதம் கயிற்றின் நுனியில் ஒரு சாண் வெட்டி அனுப்பவேண்டும், ஆய்வுக்கு. தொபியாஸ் அப்போதே ஒரு துண்டு வெட்டி, மச்சினன் கேட்டால் இடுப்பையே வெட்டித் தருவேன் என்று கொடுத்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே நான் பேச்சை எடுத்தேன். உன் தம்பி சொல்லி நான் என்றைக்கு மறுத்தேன் என்றார். பழைய கயிற்றைப் பெஸ்கிக்குத் தந்துவிட்டு அதே சுருளில் மீதியிருந்த புதுக் கயிற்றை எடுத்துக்கொண்டார். ஒரு சொட்டு ஆயில் அதில் படவில்லை. வெள்ளையும் நீலமுமாக, கோவில் கொடிமரத்துக் கயிறு கெட்டது போங்கள். பெஸ்கிக்கு இதெல்லாம் ஏறவில்லை. உள்ளங்கை தோல் உரியுது மைனி, உங்க தம்பி வந்து பிடிப்பானா என்று கேட்டுவிட்டு அவன்பாட்டுக்குக் கறுப்பாக்கிக்கொண்டான். நான் அவனைப் பட்டிக்காட்டான் என்றேன்.

மாதாமாதம் துண்டு போனது. தபாலில் நான்தான் அனுப்பினேன். கயிறு நன்றாக இருக்கிறதா என்று போனில் கேட்பேன். இருக்குக்கா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் என்பான்.

மாசி மாதத்தில், நல்ல வெயில் நேரம், தொபியாஸ் கீழே சங்குப் பையோடு இருந்தார். காற்றுக் குப்பி தீரப்போகிறது என்றால் கயிற்றை மூன்றுதரம் சுண்டுவார்கள். சுண்டினார். பெஸ்கி இழுத்தான். முதலில் கனமாக வந்தது, பிறகு கனமே இல்லாமல் வந்தது. கயிறு மட்டும்தான் வந்தது. பெஸ்கி குதித்துத் தேடினான். கீழ்நீரோட்டம் இழுத்துப் போயிருந்தது. மறுநாள் முனைக்குத் தெற்கே கிடைத்தார். இடுப்பில் ஆளை அடியில் நிறுத்துகிற ஈயப்பட்டையும் ஒரு முழக் கயிறும் இருந்தன. அறுந்த இடத்தில்கூட நீலம் பளிச்சென்று இருந்தது.

கிளீட்டஸ் வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதான். அது பொய் அழுகை இல்லை. அன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன், இன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதுதான் இதில் கொடுமை.

தொபியாஸுக்குப் பிறகு பக்கத்துக் குப்பங்களிலும் கயிறு அறுந்தது. ஒருவர் போனார், ஒருவர் பிழைத்தார். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் அரசாங்கம் ஒரு விசாரணை ஆணையம் போட்டது. கடல் திறக்கிறதற்குள் அறிக்கை வரவேண்டும் என்றார்கள். கம்பெனி பதில் சொல்லத் தாமதிக்கவே இல்லை. மீனவர்கள் கழிவு ஆயில் பூசியதுதான் காரணம், ஆயிலில் அரோமேட்டிக் இருக்கிறது, அது வெயிலோடு சேர்ந்து கயிற்றை அரித்துவிட்டது. இனி ஆயில் பூசினால் உரிமம் ரத்து, எல்லாரும் வெறுங்கயிற்றோடுதான் போகவேண்டும் என்று உத்தரவு கேட்டிருந்தார்கள்.

பேப்பரில் அதைப் படித்ததும் எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. என் வீட்டுக்காரர் ஆயில் பூசவே இல்லையே. பூசிய பெஸ்கி அல்லவா உயிரோடு திரிகிறான்.

கிட்டங்கி உத்திரத்தில் இரண்டு கயிற்றைத் தொங்கவிட்டேன். ஒன்று பெஸ்கியின் கறுப்பு. இன்னொன்று தொபியாஸின் கயிற்றில் படகில் மிஞ்சியது. இரண்டும் ஒரே சுருள், கறுப்புக்குத்தான் வயசு கூட. சங்கு மூட்டையைக் கறுப்பில் கட்டினேன், தொங்கியது. அதே மூட்டையை நீலத்தில் கட்டினோம். பெஸ்கி கையை எடுத்ததும் மூட்டை தரையில் விழுந்து சங்கெல்லாம் சிதறியது. நாங்கள் அதைப் பொறுக்கக்கூட இல்லை, அப்படியே நின்றோம்.

தம்பியை வரச்சொன்னேன். வந்தான். தரையில் கிடந்த கயிற்றை எடுத்து விரலால் நெருடினான். தூள் உதிர்ந்தது. மூட்டைமேல் உட்கார்ந்தான்.

"ஆயில் இல்லக்கா. கழி."

"விளங்கச் சொல்லு."

"ஆலைத் தண்ணி கழியில கலக்குதுல்லா. அந்த வளையச் சரக்கு தண்ணியில நிக்கப் பிடிக்காம பிளாஸ்டிக்கப் பாத்ததும் அதுக்குள்ள போய் ஊறிக்கிடும். நீங்க தினமும் கழியில அலசி, அத வெயில்ல வேற காயப் போடுதிய. உள்ள இருந்துக்கிட்டே வெயில வாங்கிக் காத்துல இருக்க ஆக்சிஜனுக்கு வெறி ஏத்தி விடும். அது நூல நறுக்கிப் போட்டுரும். நீல நூலு வெயில மட்டுந்தான் எண்ணும். கழியப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஆயில்லயும் அதே சரக்குதான இருக்குன்ன?"

"அதேதான். ஆனா ஆயில்ல கரி கெட்டியா கெடக்கு. வெயில உள்ள விடாது. கழித் தண்ணியையும் விடாது. கொஞ்சமா உள்ள ஊறினா கத்தி. கெட்டியா மேல கெடந்தா குடை. நாங்க லேப்ல நல்ல தண்ணியில வச்சுத்தான் பாத்தோம். கழிய நெனச்சுப் பாக்கல."

இது எப்போது உனக்குத் தெரியும் என்று கேட்டேன். அத்தான் போன பிறகு சோதித்துப் பார்த்துத்தான் தெரியும் என்றான். நான் நம்பினேன். முகத்தைப் பார்த்துத்தான் நம்பினேன்.

அப்படியானால் ஆணையத்தில் இதைச் சொல் என்றேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சொன்னால் கம்பெனி மூடிவிடும், சட்டத்தையே எடுத்துவிடுவார்கள், மறுபடி கடல் முழுக்கப் பழைய வலை மிதக்கும், பத்து வருஷ உழைப்பு போய்விடும் என்று இழுத்தான். கழியில் அலசாதீர்கள் என்று ஊருக்குச் சொன்னால் போதாதா என்றும் கேட்டான். கழியைத் தாண்டாமல் எந்தப் படகு கடலுக்குப் போகிறது, நீயே சொல் என்றேன்.

பிறகு எழுந்து வந்து, சுவரில் மாட்டியிருந்த தொபியாஸின் படத்தின்மேல் உள்ளங்கையை வைத்தான். படகுச் சங்கத்தில் எடுத்த படம், கிட்டங்கியிலும் ஒன்று மாட்டியிருந்தேன்.

"சொல்லுதேன்கா. உள்ளதச் சொல்லுதேன்."

அறுந்த நுனி என்னிடம் இருந்தது. தொபியாஸின் இடுப்பிலிருந்து எடுத்தது. போலீஸ் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்ததைச் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தேன். சாட்சிப் பொருளாக அதை ஆணையத்தில் நேரே ஒப்படைக்கவேண்டும் என்று பெஸ்கி தலைபாடாக அடித்துக்கொண்டான். நான் கேட்கவில்லை. சொந்தத் தம்பி, எடுத்துக் காட்டிப் பேச அவனுக்குத்தான் தெரியும், மச்சினன் கையில் இருந்தால் பத்திரம் என்று சொல்லி அவன் பையில் நானே வைத்தேன். வேறு ஊர்க்காரி ஒருத்தி இந்த முட்டாள்தனத்தைச் செய்திருக்கமாட்டாள்.

மீன் ஏலக் கூடத்தில் விசாரணை நடந்தது. தடைக்காலம், மீன் இல்லை, கூடம் காலி. கடற்கரைப் பக்கம் முழுக்கத் திறந்திருக்கும், நாலு எட்டு வைத்தால் துறைமுகப் படி. ஆணையர் ஓய்வுபெற்ற நீதிபதி, வெயில் தாங்காத மனுஷர். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மத்தியானத்துக்குள் முடித்துவிடலாமா என்று கேட்டபடி இருந்தார். கம்பெனி வக்கீல் ஓர் அம்மாள், ரொம்ப மரியாதை. என்னைப் பார்த்து முதலில் கைகூப்பினவரும் அவர்தான்.

கிளீட்டஸ் எழுந்து நின்று பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்தான்.

கயிற்று நுனி கறுப்பாக இருந்தது.

எனக்கு ஒரு கணம் அது என்ன என்றே புரியவில்லை. வேறு யாருடையதோ என்று நினைத்தேன். அப்புறம் தொபியாஸ் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தேன். அவர் இடக்கைக்காரர், முடிச்சு மாறித்தான் விழும். அதேதான். வெள்ளையும் நீலமுமாக நான் சேலைக்குள் சுற்றிக் கொடுத்த அதே நுனி, கழிவு ஆயிலில் முக்கி எடுத்துக் கிடந்தது.

அவன் பேசினான். நல்ல தமிழில், நிதானமாக. ஆயிலில் இருக்கிற அரோமேட்டிக் வகைகள் வெயிலோடு சேர்ந்து கயிற்றை எப்படிச் சிதைக்கும் என்று விளக்கினான். அவன் சொன்ன வேதியியலில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என் காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்ன அதே பாடம்தான். கழி என்ற சொல் மட்டும் வரவில்லை. கடைசியில் சொன்னான்: "இறந்தவர் என் அக்காள் கணவர். ஆயில் பூசவேண்டாம் என்று அவர் வீட்டிலேயே வைத்துச் சொன்னேன். பழக்கத்தை விட அவர்களால் முடியவில்லை. எனக்கு இது சொந்த இழப்பு."

கூடத்தில் சிலர் எனக்காக உச்சுக் கொட்டினார்கள். நான் எழுந்து, நான் கொடுக்கும்போது அது வெள்ளையாக இருந்தது என்றேன். வக்கீல் அம்மாள் மெதுவாகக் கேட்டார், எழுத்தில் ஏதாவது வாங்கினீர்களா, யாராவது பார்த்தார்களா என்று. பெஸ்கி பார்த்தான் என்றேன். பெஸ்கி கயிறு பிடித்தவர், அவர்மேலும் கேள்வி இருக்கிறது என்றார். போலீஸ் பார்த்ததே என்றேன். அவர்கள் எழுதினதில் கயிறு என்றுதான் இருக்கிறது, நிறம் போடவில்லை என்றார். துக்கத்தில் இருக்கிறவர்களை நாம் மேலும் சிரமப்படுத்தவேண்டாம் என்று ஆணையரிடம் சொல்லி என்னை உட்காரச் சொன்னார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தோளில் தூக்கிக் கடைத்தெருவைக் காட்டிய பிள்ளை அது. அம்மா போனபிறகு என் கையால் சாப்பிட்டு வளர்ந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

ஆணையர் கோப்பை மூடப் போனார். வெறுங்கயிறு உத்தரவு அன்றைக்கே கையெழுத்தாகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். கடல் திறந்ததும் பெஸ்கியும் அந்தக் கூடத்தில் நின்றிருந்த இளவட்டங்களும் தூளாகப் போகிற கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

"ஐயா, கயிறு நல்ல கயிறுன்னு என் தம்பி சொல்லிட்டான். நான் ஒத்துக்கிடுதேன்," என்றேன். "உத்தரவு போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் இறங்குதேன். இந்தா இருக்கு படி. எங்க ஊர் முறைப்படி அவன் கயிறு பிடிக்கட்டும்."

கூடம் சலசலத்தது. எங்கள் ஊரில் பெண்கள் குளிக்கப் போவதில்லை. ஆணையர் எரிச்சலோடு இது விசாரணை அம்மா, வேடிக்கை இல்லை என்றார். பின்னால் நின்ற கூட்டம் முழுவதும் நகர்ந்து முன்னால் வந்தது. யாரும் சத்தம் போடவில்லை. அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, சீக்கிரம் என்றார்.

நான் சேலையை வரிந்து கட்டினேன். சாட்சிக்கு வேண்டியிருக்கும் என்று பெஸ்கி மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்ததில் தொபியாஸின் ஈயப்பட்டையை வாங்கி இடுப்பில் மாட்டினேன். மைனி, தண்ணி வடியுற வத்தம் நேரம், கழி மொத்தமும் கடலுக்குப் பாயுது என்று அவன் காதருகில் சொன்னான். தெரியும் என்றேன். அந்தப் பட்டையோடு இறங்கினால் யாராவது இழுத்தால்தான் மேலே வரமுடியும். கிளீட்டஸுக்கும் அது தெரியும். சங்குமுனையில் பிறந்தவன்தானே.

அதே மூட்டையில் இருந்த இரண்டு சுருளையும் படிக்கட்டில் போட்டேன். ஒன்று பெஸ்கியின் கறுப்பு. மற்றது தொபியாஸின் மிச்சம், நீலம் மங்காதது.

"ரெண்டும் நீ தோள்ல போட்டுக் கொண்டுவந்த சுருள்தான். எது நிக்கும், எது அறும்னு உள்ள சொல்லிட்ட. நிக்கிறதக் கட்டு."

"அக்கா, வேண்டாம்."

"கட்டுலே."

அவன் குனிந்து நீலத்தை எடுத்தான். எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். கட்டிவிடுவான், என்னையும் அனுப்பிவிடுவான் என்று நினைத்தேன். கயிறு என் இடுப்பைத் தொட்டது. அவன் பெருவிரல் அதை நெருடியதும் வெள்ளைத் தூள் என் சேலையில் உதிர்ந்தது. அப்படியே நின்றான். வக்கீல் அம்மாள் பின்னாலிருந்து டாக்டர் என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. நீலத்தைக் கீழே போட்டான். கறுப்பை எடுத்தான்.

கறுப்பை என் இடுப்பில் சுற்றி, இழுத்துப் பார்த்து, மேலே இன்னொரு முடிச்சும் போட்டான். வெள்ளைச் சட்டையெல்லாம் ஆயில். அவன் எந்தக் கயிற்றை எடுத்தான் என்று ஊரே பார்த்தது. ஆணையர் நாற்காலியை விட்டு எழுந்து வெயிலில் வந்து நின்று பார்த்தார். துண்டு கையிலேயே இருந்தது. கோப்பு மறுபடி திறந்தது, கடல் திறப்பு தள்ளிப்போனது, கழித் தண்ணீரைக் குடத்தில் எடுத்துப் போனார்கள், எல்லாம் பின்னால் நடந்தது. ஊருக்கு வேண்டியது அந்த ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

எனக்குக் கிடைத்தது வேறு. முடிச்சை இறுக்கும்போது அவன் முகம் என் தோளருகில் இருந்தது. அழுதுகொண்டே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"கறுப்புதான்கா நிக்கும். அத்தான் அனுப்பின முதல் துண்டுலயே தெரிஞ்சுபோச்சு. அறுறதுக்குள்ள மாத்திக் குடுத்துரலாம்னு பாத்தேன். வெறுங்கயிறு எவ்வளவு நாள் தாங்குதுன்னு கம்பெனில தெரியணும்னாங்க."

முதல் துண்டு. அதற்குப் பிறகு எத்தனை துண்டு வெட்டினார் அந்த மனுஷர், ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, மச்சினனுக்கு என்று பெயர் எழுதி. தபாலில் போட்டது நான். நன்றாக இருக்கிறதா என்று போனில் கேட்டதும் நான். கறுப்பாக இருந்தால் அவர்களுக்குக் கணக்கு வராது. அதனால்தான் பூசாதே என்ற சொல்லை அவன் கடைசிவரை திரும்ப வாங்கவில்லை. பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் என்றானே, அது மட்டும் உண்மை.

நான் இறங்கவில்லை. ஈயப்பட்டையைக் கழற்றினேன். அவன் போட்ட முடிச்சை அவிழ்த்துப் படியில் போட்டேன். பிறகு அவன் கையிலிருந்த மறுமுனைக்காகக் கையை நீட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும், அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"விடு," என்றேன்.

விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அக்கா, அக்கா என்று நின்றான். கல்யாணத்தன்று பிடித்ததற்குப் பிறகு அவன் கயிற்றை ஒழுங்காகப் பிடித்தது அன்றைக்குத்தான். பெஸ்கி வந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கிக் கொடுத்தான்.